சுவருக்குப் பின்னால் நான்கு விரல்

இது நடந்தது. எனக்குக் கதை கட்டத் தெரியாது, வீடுதான் கட்டத் தெரியும். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்தது கட்டுமானம். "செங்கல் தூக்கப் போற பொம்பளைக்குப் பட்டம் எதுக்கு?" என்று சொந்தக்காரர்களே சிரித்தார்கள். சிரித்தவர்கள் வீட்டுக் கூரை ஒழுகினால் இன்று என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ரகம் நான்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் பார்த்ததை நானே நம்ப விரும்பவில்லை. ஆனால் என் கையில் பட்ட அந்த ஈரத்தை என்ன செய்வது?

வால்டிவியாவில் மழை பெய்வதில்லை, குடியிருக்கிறது. அதிலும் ஜூன் மாதம், பூமியின் தென்பாதியில் இருக்கிற எங்களுக்கு, நடுக் குளிர்காலம். நகரத்தின் ஓரத்தில், வீடில்லாதவர்களுக்கென்று அரசாங்கம் கட்டிக் கொடுத்த மரவீடுகள் ஒரே வரிசையாக ஒட்டி நிற்கும். கடைசி வீடு எங்களுடையது. என் அம்மா எல்சிரா, மீன் ஆலையில் நின்று நின்று கால் வீங்கி, பல வருஷம் காத்திருந்து வாங்கிய வீடு.

எட்டே வருஷத்தில் குளியலறைச் சுவர் அழுகிவிட்டது. டைல்ஸ் இடுக்கெல்லாம் கறுப்புப் பூஞ்சை. அந்தக் காற்றைத்தான் அம்மா தினமும் மூச்சாக இழுத்தாள். அந்தக் குளிர்காலத்தில் மூன்றாவது முறையாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "சுவர் காயாம உங்கம்மாவை அந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். திங்கக்கிழமை நர்ஸ் கருவியோட வந்து பார்ப்பாங்க. ஈரம் இருந்துச்சுன்னா, ஓசோர்னோ ஊர்ல இருக்கிற முதியோர் இல்லம்தான்."

அம்மா மூக்கிலிருந்த குழாயைப் பிடுங்கிக்கொண்டு என் கையைப் பற்றினாள்.

"அங்க போனவங்க யாருடி திரும்பி வந்தா? நான் என் வீட்டுக்கு வரணும், யாஸ்னா."

"வருவ. நான் சரி பண்றேன்."

"பண்ணு. ஆனா குளியலறைக் கதவைச் சாத்தி வைக்காத."

"ஏன்?"

"சாத்தாதன்னா சாத்தாத."

நோயாளியின் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை நானும் மாகலியும் வேலையை ஆரம்பித்தோம். மாகலி என் சித்தி மகள். ஆற்றங்கரைச் சந்தையில் மீன் விற்கிறாள். தோள் பலம் அதிகம், வாய் அதைவிட அதிகம். மழைக்கு இதமாக என்று பரங்கிக்காய் பிசைந்து பொரித்த ரொட்டி ஒரு பை, பன்றிக்கறிச் சாசேஜ் ஒரு முழம், சிவப்பு ஒயின் ஒரு பாட்டில் கொண்டு வந்திருந்தாள்.

"வேலைக்கு வந்தியா, கல்யாணத்துக்கு வந்தியா?"

"இன்ஜினியரம்மா கிட்ட கூலி கிடைக்காது. சோத்தையாவது நானே கொண்டு வரணும்ல?"

குளியலறைக்குள் போனோம். ஷவருக்கு அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மேடை. எங்கள் வரிசையில் மற்ற வீடுகளில் எல்லாம் தரையோடு தரையாக இருக்கும், எங்கள் வீட்டில் மட்டும் ஒரு படி ஏறிக் குளிக்க வேண்டும். "எனக்கு மட்டும் மாளிகை" என்று அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டு சொல்வாள்.

சோப்பு மாடத்தில் ஒரு ரொட்டித் துண்டு காய்ந்து கிடந்தது. அம்மாவின் மறதி. எடுத்துக் குப்பையில் போட்டேன்.

சிமென்ட் பூசுகிற கரணையின் கைப்பிடியால் டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஒழுங்காக ஒட்டிய டைல்ஸ் 'டிக்' என்று கெட்டியாகப் பேசும். இவை எல்லாம் 'டொப்' என்றன. பின்னால் வெற்றிடம்.

"சுவரா, மத்தளமா?" என்றாள் மாகலி.

கீழ் வரிசையில் ஒன்றைத் தட்டினேன். டொப்.

சற்று நேரம் கழித்து… டொப்.

நான் தட்டவில்லை.

"நீயா?"

"என் ரெண்டு கையிலயும் ரொட்டிடி."

"அப்ப பக்கத்து வீடு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. எங்களுடையது கடைசி வீடு. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வீடே கிடையாது. மழைதான்.

மேடையையும் தட்டிப் பார்த்தேன். டிக். பாறை மாதிரி இருந்தது. தண்ணீர் தேக்கிப் பார்த்தேன், ஒரு சொட்டு இறங்கவில்லை. சுவருக்கு சிமென்டைக் கண்ணில் காட்டாத ஒப்பந்தக்காரன், இந்த மேடைக்கு மட்டும் மூட்டை மூட்டையாகக் கொட்டியிருந்தான். அந்த வீட்டிலேயே ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான். இதை ஏன் தொட வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

சுவர் டைல்ஸுக்கு உளி தேவைப்படவில்லை. விரலை விட்டதும் கழன்று வந்தன. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பசையைச் சுவர் முழுக்க இழுத்து, பல் வைத்த கரணையால் சீவி, அதன் மேல் டைல்ஸை அழுத்த வேண்டும். இந்த ஆள் நான்கு மூலைக்கு நான்கு, நடுவில் ஒன்று என்று ஐந்து உருண்டை மட்டும் அப்பி ஒட்ட வைத்திருக்கிறான். பின்னால் சாதாரண ஜிப்சம் பலகை. தண்ணீர்த் தடுப்புப் பூச்சு என்ற பேச்சே இல்லை. ஏழைக்குத்தானே, எப்படி இருந்தால் என்ன? ஏழைக்கு நுரையீரல் எதற்கு?

திட்டிக்கொண்டே கழற்றினேன். எல்லா டைல்ஸிலும் ஐந்து உருண்டை. ஐந்து. ஐந்து.

கீழிருந்து இரண்டாவது வரிசையில்… நான்கு.

அவை உருண்டைகளாகவும் இல்லை. பலகையோடு ஒட்டிய சிமென்ட் தட்டையாகத்தான் இருக்க வேண்டும். இதில் நான்கு குழிகள். விரல் நுனியால் அழுத்திய குழிகள். ரேகைகூடத் தெரிந்தது.

"மேஸ்திரி கையாலயே அப்பியிருக்கான்" என்றாள் மாகலி.

ஆனால் குழிகள் இருந்தது சுவரைப் பார்த்த பக்கம். வெளியே நின்று ஒட்டியவன் விரல் அங்கே எப்படிப் படும்? அந்தப் பக்கம் பட வேண்டுமானால் அவன் சுவருக்குள் நின்றிருக்க வேண்டும்.

தொட்டுப் பார்த்தேன். எட்டு வருஷத்து சிமென்ட், பிசைந்த மாவு மாதிரி அமுங்கியது.

அடுத்த டைல்ஸ். நான்கு. அதற்கடுத்தது. நான்கு.

"விடுடி. சீக்கிரம் முடி" என்றாள் மாகலி. அவள் ரொட்டி தின்பதை நிறுத்தியிருந்தாள்.

ஜிப்சம் பலகை நனைந்த ரொட்டி மாதிரி பிய்ந்து வந்தது. உள்ளே மரச்சட்டங்கள். சட்டங்களுக்கு நடுவில் குளிர் தாங்கும் பஞ்சு இருக்க வேண்டும். இரண்டு சந்துகளில் இருந்தது. நடுச் சந்தில் பஞ்சு இல்லை.

அங்கே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான்.

மாகலி போட்ட கூச்சலில் என் கையிலிருந்த உளி விழுந்தது. மஞ்சள் தலைக்கவசம். நீல வேலை உடுப்பு, இடது முழங்காலில் சிவப்புத் துணி ஒட்டு. கழுத்தில் கயிறு.

அப்புறம்தான் உடுப்பின் கையிலிருந்து வைக்கோல் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாக்குத்துணி. அதில் கரியால் இரண்டு கண்.

"அட கடங்காரா! பொம்மைடி!" மாகலி சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை. "கூரை விருந்துப் பொம்மை!"

எங்கள் பக்கம் வீடு கட்டும்போது கூரைக் கட்டை ஏறியதும், கட்டுகிற முதலாளி தொழிலாளர்களுக்குக் கறி சுட்டு, ஒயின் ஊற்றி விருந்து வைக்க வேண்டும். வைக்காமல் ஏமாற்றினால் தொழிலாளர்கள் வைக்கோலில் ஒரு ஆள் செய்து, கழுத்தில் கயிறு மாட்டிக் கூரையில் தொங்கவிடுவார்கள். ஊரே பார்த்துச் சிரிக்கும். அந்த அவமானத்துக்கே பல கஞ்சன்கள் ஆட்டை வெட்டிவிடுவார்கள். எங்கள் வீட்டைக் கட்டியவன் அதற்கும் அசையவில்லை போலிருக்கிறது. பொம்மையை இறக்கி, பஞ்சுக்குப் பதிலாகச் சுவருக்குள் திணித்துவிட்டான்.

"இதுலயும் மிச்சம் பிடிச்சிருக்கான், பாரு" என்றேன்.

வெளியே இழுத்தோம். வரவில்லை. வைக்கோல் நனைந்தால் கனக்கும், தெரியும். ஆனால் இது ஓர் ஆள் கனம் கனத்தது. தினமும் மீன் கூடை தூக்குகிற மாகலிக்கே மூச்சு வாங்கியது. கொல்லைக் கதவு வழியாக இழுத்துப் போய், விறகுக் கொட்டகையில், சுவரோடு சாய்த்து உட்கார வைத்தோம். முகம் வேலியைப் பார்த்து இருந்தது.

மதியம் மாகலி சந்தைக்குக் கிளம்பினாள். "நாளைக்குக் காலையில வர்றேன். அதுகிட்ட பேச்சுக் கொடுக்காத" என்று கொட்டகையைக் காட்டிக் கண்ணடித்தாள். ஆனால் கொட்டகைப் பக்கம் போகாமல், சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாகத்தான் போனாள்.

நான் தனியாக வேலை செய்தேன். அழுகிய சட்டத்தை வெட்டி எடுத்துப் புதுச் சட்டம் கொடுத்தேன். விறகு அடுப்பை முழு வேகத்தில் எரியவிட்டு மரத்தைக் காய வைத்தேன். புதுப் பஞ்சு. அதன்மேல் சிமென்ட் பலகை. மூட்டுகளில் நாடா. அப்புறம் நீல நிறத் தண்ணீர்த் தடுப்புப் பூச்சு, முதல் தடவை. நல்ல வேலை. பெருமையாகவே சொல்கிறேன்.

விறகு எடுக்கக் கொல்லைக் கதவைத் திறந்தேன். மாலை ஐந்தே முக்கால். எங்கள் ஊர்க் குளிர்காலத்தில் அதற்குள் இருட்டு.

பொம்மை கொட்டகையில்தான் இருந்தது. ஆனால் முகம் வீட்டைப் பார்த்து இருந்தது.

நாய் இழுத்திருக்கும். தெருவில் நாய்க்கா பஞ்சம்?

விறகை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன். கொல்லைக் கதவைத் தாழிட்டேன். குளியலறையில் சூடு தங்கட்டும் என்று அதன் கதவையும் சாத்தினேன்.

அம்மா சொன்னது அப்போது ஞாபகம் வரவில்லை.

அடுப்பில் கட்டை வைத்துக்கொண்டிருந்தேன்.

சொட்… சொட்…

தண்ணீர். குளியலறையிலிருந்து. மெயின் குழாயைக் காலையிலேயே நான் மூடிவிட்டேனே…

அப்புறம் இன்னொரு சத்தம். ஸ்ரக்… ஸ்ரக்… ஸ்ரக்…

அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். கரணையால் பசையை வழிப்பது.

என் கரணை என் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தேன். சத்தம் நின்றது. ஷவர் காய்ந்து கிடந்தது. புதுச் சுவர் வழவழவென்று நீலமாக நின்றது. ஒன்றும் இல்லை.

பொத்… விளக்கு அணைந்தது. மழையில் எங்கள் தெருவில் கரண்டு போவது புதிதல்ல. கைபேசி வெளிச்சத்தைச் சுவரில் அடித்தேன்.

பூச்சு உப்பியது.

உள்ளங்கை அகலத்துக்கு. மெதுவாக. பின்னால் இருப்பது சிமென்ட் பலகை. சுத்தியலால் அடித்தாலும் வளையாது.

அது வளைந்தது.

ஒரு கை. உள்ளிருந்து அழுத்துகிற கை.

கட்டைவிரல். அப்புறம் ஒன்று… இரண்டு… மூன்று.

நான்குதான்.

ஓடினேன். முன்வாசல் தாழைத் திறந்துவிட்டேன். ஒரு கால் மழையில் இருந்தது.

அப்படியே நின்றேன்.

ஓடினால் இரண்டாவது பூச்சு இல்லை. பூச்சு இல்லாவிட்டால் நாளைக்கு டைல்ஸ் இல்லை. திங்கட்கிழமை நர்ஸ் உதட்டைப் பிதுக்குவாள். அம்மாவை வண்டியில் ஏற்றுவார்கள். அம்மா அந்த இல்லத்துக் கட்டிலில் கூரையைப் பார்த்துக்கொண்டு…

பயத்தைவிட எனக்குக் கோபம் பெரிது. எப்போதுமே அப்படித்தான். திரும்பிப் போய்ச் சுவரைப் பார்த்துக் கத்தினேன்.

"என்னய்யா வேணும் உனக்கு? திங்கக்கிழமை என் அம்மா வரணும்! உங்க முதலாளி போடாத விருந்துக்கு என் அம்மாவா பலி?"

டொப். டொப். டொப்.

சுவரிலிருந்து இல்லை. கீழேயிருந்து. என் காலுக்குக் கீழே.

என் வாயால் சொன்ன சொல் அப்போதுதான் என் காதில் விழுந்தது. விருந்து.

மாகலியின் சாசேஜை அடுப்பு மேல் தகட்டில் போட்டேன். கொழுப்பு உருகிப் பொரிந்தது. தட்டில் வைத்து, ஒரு ரொட்டி வைத்து, அம்மாவின் நல்ல கண்ணாடி டம்ளரில் ஒயினை விளிம்பு வரை ஊற்றினேன். மேடை மீது வைத்தேன்.

"சாப்பிடு. கூரை ஏறிடுச்சு."

அப்படித்தான் விருந்தில் சொல்வார்கள்.

கதவைச் சாத்தவில்லை. திறந்தே விட்டேன். அடுப்புக்கு முன்னால், கையில் உளியோடு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.

இருட்டில் மெல்லும் சத்தம் கேட்டது.

அவசரம் இல்லாத மெல்லல். நாளெல்லாம் உழைத்தவன் சாப்பிடுவது மாதிரி.

கரண்டு வந்தபோது போய்ப் பார்த்தேன். தட்டு கழுவினாற்போல இருந்தது. டம்ளர் காலி. அதன்மேல் சிமென்ட் படிந்த ஈர விரல் தடம். எண்ண எனக்குத் தைரியம் இல்லை. சுவர் வழவழவென்று சமமாக நின்றது. தடவிப் பார்த்தேன். உலர்ந்திருந்தது, ஒரே ஓர் இடத்தைத் தவிர. உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். என் கை நீலமானது.

இரண்டாவது பூச்சு அடித்தேன்.

ஞாயிறு காலை மாகலி வந்தாள். பொம்மையை நான் ஒரு கையால் தூக்கினேன். வைக்கோல் கனம்தான் இருந்தது. அடுப்பில் போட்டு எரித்தோம். நன்றாக எரிந்தது, அந்தச் சூட்டில்தான் சுவர் காய்ந்தது. "சாசேஜ் எங்கடி?" என்றாள். "பசிச்சுது" என்றேன். "ஒரு முழத்தையுமா? இன்ஜினியரம்மா வயிறா, கிணறா?" அன்று முழுக்க டைல்ஸ் ஒட்டினோம். பசையை முழுக்க இழுத்து, சீவி, அழுத்தி. தட்டிப் பார்த்தால் டிக், டிக், டிக்.

திங்கட்கிழமை நர்ஸ் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "யாரு மேஸ்திரி?" என்றாள். "நான்தான்." ஒருமுறை என்னை மேலும் கீழும் பார்த்தாள். அன்று மதியமே அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஆகஸ்டில் ஒரு கட்டட வேலையில் மேற்பார்வைக்குச் சேர்ந்தேன். அங்கே ரெமிஹியோ மாமா என்று ஒரு பழைய தச்சர். எங்கள் வீட்டு வரிசையில் கூரை போட்டவர் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. சாப்பாட்டு நேரத்தில், எல்லாரும் சிரிக்கட்டும் என்று சுவருக்குள் பொம்மை இருந்த கதையைச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை.

"முழங்கால்ல சிவப்பு ஒட்டா?"

"ஆமா மாமா. உங்களுக்கு எப்படி…"

"பெலார்மினோவோட பழைய உடுப்பும்மா அது. டைல்ஸ் ஒட்டுறவன். விருந்து போடலன்னதும் அவன்தான் அந்தப் பொம்மையைச் செஞ்சு மாட்டினான். முதலாளிக்கும் அவனுக்கும் பெரிய சண்டை. மறுநாள் பொம்மையும் இல்ல, அவனும் இல்ல. கோவிச்சுக்கிட்டு அர்ஜென்டினா பக்கம் போயிட்டான்னு முதலாளி சொன்னாரு. அந்தக் கடைசி வீட்டுக் குளியலறையை முதலாளியே கிட்ட இருந்து முடிச்சாரு. எங்க யாரையும் உள்ள விடல."

கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தேன்.

"அந்த மேடையையும் அவர்தான் போட்டாரா?"

"எந்த மேடை?" என்றார். "நாங்க ஒரு வீட்டுலயும் மேடை வைக்கலையேம்மா."

நான் எழுந்துவிட்டேன். அவர் தன் பாட்டுக்குத் தன் இடது கையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "பாவம். நல்ல வேலைக்காரன். டைல்ஸ் அறுக்கிற மெஷின் அவன் சுண்டு விரலைத் தின்னுடுச்சு. நாலு விரல்லயே அவ்வளவு சுத்தமா…"

மழையில் வீட்டுக்கு வந்தேன். பையிலிருந்து சுத்தியலையும் பெரிய உளியையும் எடுத்தேன்.

அம்மா அடுப்போரம் கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். மூச்சு இரைக்கவில்லை. மாதக்கணக்கில் நான் பார்க்காத சிவப்பு அவள் கன்னத்தில்.

"அம்மா… குளியலறை மேடையைக் கொஞ்சம் உடைக்கணும். சின்ன வேலைதான்."

அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேணாம்டி. எட்டு வருஷம் ஈரத்துல கிடந்து நடுங்கினான். இப்பத்தான் காஞ்சிருக்கான். தூங்கட்டும்."

அம்மாவிடம் நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. பொம்மையைப் பற்றிக்கூட.

குளியலறைக் கதவு திறந்தே இருந்தது. என் புது டைல்ஸ் பளபளத்தது. சோப்பு மாடத்தில் ஒரு ரொட்டித் துண்டு.

பாதி கடித்திருந்தது.